நண்டு ஓட்டில் பல்லேடியத்தைப் பிடித்தால் தொழிற்சாலை வாங்குமா?

கேட்டவர் தொண்டிக்காரர், எம்.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு. அப்பா நண்டு ஏலம் எடுத்துக் கம்பெனிக்கு அனுப்புகிறவராம். கேள்வி இதுதான்: "கம்பெனியில் சதையை எடுத்துவிட்டுக் கொட்டுகிற நண்டு ஓட்டிலிருந்து கைட்டோசான் தயாரித்து, அதில் பல்லேடியத்தைப் பிடிக்கவைத்து வினையூக்கி செய்வது என் ப்ராஜெக்ட். உலோகத்துக்கு ஏற்ற லிகண்டை இப்போது கணினியிலேயே வடிவமைத்துவிடலாம் என்கிறார்கள். அப்படிச் செய்தால் தொழிற்சாலைகள் எடுத்துக்கொள்ளுமா?"

கைட்டோசானைப் பற்றிய கேள்வியாகத் தெரிந்தாலும் தம்பி உண்மையில் கேட்பது வேறு. லிகண்ட் (உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும் மூலக்கூறு) வடிவமைப்பு கணக்குப் போட்டுச் செய்கிற வேலையா, வலையைப் போட்டுவிட்டு விடியும்வரை காத்திருக்கிற வேலையா என்று கேட்கிறார். இரண்டும்தான். எந்தப் பங்கு கணக்கு, எந்தப் பங்கு காத்திருப்பு என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நான் இருபத்திரண்டு வருடம் மருந்து மூலப்பொருள் ஆலைகளில் ப்ராசஸ் டெவலப்மென்ட் பார்த்துவிட்டு இப்போது மண்டபம் ஊரில் வந்து உட்கார்ந்திருக்கிறேன். பல்லேடியத்தோடு நிறையவும் ரோடியத்தோடு கொஞ்சமும் மல்லுக்கட்டியிருக்கிறேன். பாலிமர் தயாரிக்க உதவும் வினையூக்கிகளில் வேலை பார்த்ததில்லை, அதனால் அந்தப் பக்கம் போகப்போவதில்லை.

லிகண்டைப் பள்ளிப் புத்தகம் ஈனி என்கிறது. தன் எலெக்ட்ரான் இணையை உலோகத்துக்குக் கொடுத்து ஒட்டிக்கொள்வது. ஒரே ஈனி இரண்டு இடத்தில் பிடித்தால் அது கொடுக்கிணைப்பு. 'கீலேட்' என்கிறார்களே, அதுவும் நண்டின் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததுதான். உங்கள் வீட்டு வியாபாரத்துக்குள்ளேயே இதற்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. நண்டின் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது ஹீமோசயனின். அதில் இரண்டு தாமிர அணுக்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், ஒவ்வொன்றையும் மூன்று ஹிஸ்டிடின்கள் பிடித்திருக்கும். ஆக்சிஜன் நடுவில் வந்து உட்கார்ந்தால் ரத்தம் நீலம், எழுந்து போனால் நிறமில்லை. அதே தாமிரத்தை வெறும் உப்பாக நண்டுத் தொட்டியில் கரைத்தால் நண்டு சாகும். கொட்டலசு ஒட்டாமலிருக்கப் படகின் அடிக்குத் தாமிரம் கலந்த பெயிண்ட் அடிக்கிறார்களே, அது இந்த விஷத்தன்மையை நம்பித்தான். உலோகம் ஒன்றே. சுற்றிப் பிடித்திருப்பது யார் என்பதைப் பொறுத்து அது உயிரும் காக்கும், உயிரும் எடுக்கும். பிடி இறுகிவிட்டால் வினைக்கு இடமில்லை. தளர்ந்துவிட்டால் உலோகம் தன் இனத்தோடு சேர்ந்து கறுப்பாக அடியில் படிந்துவிடும். பல்லேடியத்தோடு வேலை பார்த்த எவருக்கும் அந்தக் கறுப்பு தெரியும்.

நிச்சயமாகத் தெரிந்ததை முதலில் சொல்கிறேன். லிகண்டை மாற்றினால் ஒரு தொழிலே மாறும் என்பதற்கு ஹைட்ரோஃபார்மைலேஷனைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியாது. ஆல்கீன், கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் மூன்றையும் கோபால்ட்டோடு சேர்த்து அழுத்தினால் ஆல்டிஹைடு வரும் என்று 1938-ல் ஜெர்மனியின் ரூர்கெமி நிறுவனத்தில் ஓட்டோ ரோலன் கண்டார். புரோப்பீனில் செய்தால் பியூட்டிரால்டிஹைடு கிடைக்கும், அதிலிருந்து 2-எத்தில்ஹெக்சனால், அதிலிருந்து பிவிசியை இளக்குகிற பிளாஸ்டிசைசர். இதற்கு நேர்த்தொடர் ஆல்டிஹைடுதான் வேண்டும், கிளைத்தொடருக்கு மதிப்புக் குறைவு. வினையூக்கியான கோபால்ட் கார்பனைல் (கோபால்ட்டைக் கார்பன் மோனாக்சைடு பிடித்திருக்கும் சேர்மம்) உடையாமல் நிற்க 200, 300 பார் அழுத்தம் தேவைப்பட்டது. அவ்வளவு அழுத்தத்துக்குக் கலன் செய்வதற்கே பாதி முதலீடு போய்விடும்.

1960-களில் ஷெல் நிறுவனம் கோபால்ட்டோடு ஒரு பாஸ்ஃபீனை, அதாவது பாஸ்பரஸால் உலோகத்தைப் பிடிக்கும் ஈனியை, சேர்த்தது. அழுத்தம் 100 பாருக்குக் கீழே இறங்கியது. கூடவே வேகமும் இறங்கியது, ஆல்டிஹைடு நிற்காமல் ஆல்கஹால் வரை போனது, ஆல்கீனில் ஒரு பங்கு வெறுமனே ஹைட்ரஜனேற்றம் அடைந்து வீணானது. ஆல்கஹால்தான் வேண்டும் என்கிறவருக்கு அதுவே வசதி. பிறகு ஆங்கிலேய வேதியியலாளர் ஜெஃப்ரி வில்கின்சனின் குழு ரோடியத்தையும் ட்ரைஃபினைல்பாஸ்ஃபீனையும் சேர்த்துக் காட்டியது. 1976-ல் யூனியன் கார்பைடு அதை ஆலையில் ஓட்டியபோது வெப்பம் 100 டிகிரிப் பக்கம், அழுத்தம் 20 பாருக்கும் கீழே. ரோடியம் கோபால்ட்டைவிட எத்தனையோ மடங்கு விலை. அப்படியிருந்தும் கணக்கு இலாபத்தில் முடிந்தது.

இந்த இடத்தில் பலர் 'ஆக ரோடியம்தான் நாயகன்' என்று முடித்துவிடுவார்கள். ரோடியத்தை மட்டும் போட்டால் நேர்த்தொடரும் கிளைத்தொடரும் கலந்துதான் வரும். நேர்த்தொடரைக் கூட்டுவது பாஸ்ஃபீன், அதுவும் கொஞ்சநஞ்சமல்ல. ஒரு ரோடியம் அணுவுக்குப் பல பத்து, சில சமயம் நூற்றுக்கணக்கான பாஸ்ஃபீன் மூலக்கூறுகளை மிதக்கவிடுகிறார்கள். ஒன்று கழன்றால் அடுத்தது உடனே வந்து பிடிக்க ஆள் இருக்க வேண்டும். ஆய்வுக் கட்டுரையில் உலோகத்துக்கு ஒன்று அல்லது இரண்டு என்று அழகாக வரைந்திருக்கும் ஈனி, ஆலையில் கூட்டமாகக் காவல் நிற்கிறது.

எந்த பாஸ்ஃபீன் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியுமா? ஓரளவு முடியும். அந்த ஓரளவுக்கு நாம் கடன்பட்டிருப்பது டூபாண்ட் நிறுவனத்தில் இருந்த சாட்விக் டோல்மனுக்கு. நிக்கல்-பாஸ்ஃபைட் வினையூக்கிகளில் வேலை பார்த்தவர் அவர். நைலான் 6,6-க்கான அடிப்போநைட்ரைல் டூபாண்டில் அப்படித்தான் வந்தது. (வலை நைலான் எல்லாம் அந்த வழியில் வந்தது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், நைலானில் வகைகள் உண்டு.) லிகண்ட் எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்பதைக் கூம்புக் கோணமாகவும், எவ்வளவு எலெக்ட்ரானைத் தள்ளுகிறது என்பதை நிக்கல் கார்பனைலின் அகச்சிவப்பு அதிர்வெண்ணாகவும் இரண்டு எண்களில் அடக்கினார். ட்ரைமெத்தில்பாஸ்ஃபீனுக்கு 118 டிகிரி, ட்ரைஃபினைலுக்கு 145, ட்ரை-டெர்ட்-பியூட்டைலுக்கு 182. அந்தக் கோணத்தை அவர் அளந்தது பிளாஸ்டிக் மாதிரி உருண்டைகளை வைத்து. 1977-ல் அவர் வெளியிட்ட தொகுப்பை நாங்கள் ஆலையில் லேமினேட் செய்து சுவரில் ஒட்டி வைத்திருந்தோம். இன்றைக்கும் புது வினை ஒன்று வந்தால் நான் முதலில் பார்ப்பது அந்த இரண்டு எண்களைத்தான்.

கொடுக்கிணைப்பு ஈனிகளுக்கு மூன்றாவதாக ஒரு எண் உண்டு: கொடுக்கு எவ்வளவு விரிகிறது என்பது, அதாவது கடிகோணம். ரோடியத்தைச் சுற்றி ஐந்து பேர் நிற்கும் நிலையில், இடுப்புச் சுற்றில் இருக்கும் இரண்டு இடங்களுக்கு இடையில் 120 டிகிரி, இடுப்புக்கும் உச்சிக்கும் இடையில் 90. எத்தேன் பாலம் போட்ட சாதாரண இரட்டை பாஸ்ஃபீன் 85 டிகிரிதான் விரியும். நெதர்லாந்தில் பீட் வான் லேவன் குழு 1990-களில் செய்த சாந்த்ஃபாஸ் 111 டிகிரிப் பக்கம் விரியும். கோணத்தைக் கணித்து, எலும்புக்கூட்டைத் தேர்ந்து, பிறகு செய்து பார்த்தார்கள். 1-ஆக்டீனில் நேர்த்தொடருக்கும் கிளைத்தொடருக்குமான விகிதம் ஐம்பதுக்கு ஒன்று என்ற அளவுக்கு ஏறியது. வடிவமைப்பு என்ற சொல்லை மனசாட்சியோடு பயன்படுத்தலாம் என்றால் இந்த வேலைக்குப் பயன்படுத்தலாம்.

சந்தேகமும் அங்கேயேதான் தொடங்குகிறது. கோணம் விரிந்தால் நேர்த்தொடர் கூடுகிறது என்பது உறுதி. ஏன் கூடுகிறது என்பது அவ்வளவு உறுதியில்லை. இரண்டு பாஸ்பரஸும் இடுப்புச் சுற்றில் உட்காருவதால்தான் என்பது முதலில் சொல்லப்பட்ட காரணம். பிறகு இதே சாந்த்ஃபாஸ் குடும்பத்தில் நெருங்கிய சொந்தங்களை ஒப்பிட்டபோது, இடுப்பில் உட்காரும் விகிதமும் நேர்த்தொடர் விகிதமும் ஒன்றாக ஏறி இறங்கவில்லை. இட நெருக்கடியா, எலெக்ட்ரான் விளைவா என்ற வாதம் அதன்பின் நீண்டது. விளக்கம் ஆடினாலும் ஈனி வேலை செய்தது.

இனி கணினி. 25 டிகிரியில் 95-க்கு 5 என்ற விகிதத்துக்கும் 99-க்கு 1 என்ற விகிதத்துக்கும் உள்ள ஆற்றல் வித்தியாசம் மோலுக்கு ஒரு கிலோகலோரி. கால்குலேட்டரில் நீங்களே போட்டுப் பார்க்கலாம்: வாயு மாறிலியைக் கெல்வின் வெப்பநிலையால் பெருக்கி, அதை விகிதத்தின் இயல் மடக்கையால் (ln) பெருக்கினால் 1.7-ம் 2.7-ம் வரும். ஆலைக்கு இந்த இரண்டு விகிதங்களும் இரண்டு வெவ்வேறு தொழில்கள். கனமான உலோகம், பெரிய ஈனி, கரைப்பான் எல்லாம் உள்ள அமைப்பில் நாம் வழக்கமாகக் கணினியில் ஓட்டும், எலெக்ட்ரான் அடர்த்தியை வைத்து ஆற்றலைக் கணக்கிடும் அடர்த்திச் சார்புக் கணிப்புகள் ஒரு கிலோகலோரி பிசகுவது சர்வசாதாரணம். நெருங்கிய சொந்தமான ஈனிகளுக்குள் ஒப்பிட்டால் பிழைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, வரிசை பெரும்பாலும் சரியாக வரும். குடும்பம் மாறினால் வராது. ஆக, இருநூறு ஈனிகளை இருபதாகக் குறைக்கக் கணினியை நம்புவேன். அந்த இருபதில் ஒன்றைக் கையில் எடுத்துக் கொடுக்கும் என்று நம்பமாட்டேன். எந்திரக் கற்றல் வந்தபின் குறைக்கிற வேலை இன்னும் வேகமாகியிருக்கிறது. ஆனால் தோற்றுப்போன சோதனைகளை எவரும் அச்சிடுவதில்லை, அதனால் அந்த எந்திரம் வெற்றிக் கதைகளை மட்டும் கேட்டு வளர்ந்த பிள்ளையாக இருக்கிறது.

கணினி சொல்லாத இன்னொன்றுக்குத்தான் ஆலையில் சம்பளம்: ஈனி எத்தனை நாள் தாக்குப்பிடிக்கும்? என் கதையையே சொல்கிறேன். பல்லேடியமும் இடம் அடைக்கிற ஒரு பாஸ்ஃபீனும் சேர்ந்து இரண்டு மூலக்கூறுகளைக் கோக்கும் இணைப்பு வினை. ஆய்வகத்தில் இரண்டு மணி நேரத்தில் 98 சதவீதம். 500 லிட்டர் ரியாக்டரில் 60 சதவீதத்தில் நின்றுவிட்டது. இரண்டு வாரம் ஈனியைக் குற்றம் சொன்னோம், வேறு இரண்டு ஈனிகளை வரவழைத்தோம், தலைமை அலுவலகத்துக்கு விளக்கம் எழுதினோம். கடைசியில் ஒரு ஷிஃப்ட் கெமிஸ்ட், அனுபவம் இரண்டே வருடம், ரியாக்டரிலிருந்து மாதிரி எடுத்து, பாஸ்பரஸ் எந்த வடிவில் இருக்கிறது என்று காட்டும் பாஸ்பரஸ் என்.எம்.ஆர். சோதனை போட்டுக்கொண்டு வந்தார். பாஸ்ஃபீன் இருக்க வேண்டிய இடம் காலி. எல்லாம் ஆக்சைடு. நைட்ரஜன் குழாயில் ஒரு கேஸ்கெட் போயிருந்தது, கரைப்பான் பீப்பாயும் காற்று நீக்காமல் வந்திருந்தது. ஈனியில் பிழையில்லை, அதை ஆக்சிஜனோடு ஒரே அறையில் பூட்டியது நாங்கள். அந்தப் பையன் இப்போது பெரிய பதவியில் இருக்கிறார்.

ஈனி தாக்குப்பிடித்தாலும் உலோகம் திரும்பி வர வேண்டும். ரோடியம் 2021-ல் அவுன்ஸ் 20,000 டாலரைத் தாண்டியது. மில்லியனில் ஒரு பங்கு தொலைந்தாலும் கணக்குப்பிள்ளை கூப்பிட்டுக் கேட்பார். இதற்கு நான் பார்த்ததிலேயே அழகான விடை ரூர்கெமியும் ரோன்-பூலாங்கும் 1984-ல் ஓபர்ஹவுசனில் ஓட்டிய முறை. ட்ரைஃபினைல்பாஸ்ஃபீனில் மூன்று சல்ஃபோனேட் குழுக்களை ஒட்டி அதைத் தண்ணீரில் கரையவைத்தார்கள். ரோடியம் ஈனியோடு தண்ணீரிலேயே தங்கிவிடும், ஆல்டிஹைடு எண்ணெயாக மேலே மிதக்கும், வடித்துக்கொண்டால் ஆயிற்று. ரோடியம் இழப்பு மில்லியனில் அல்ல, பில்லியனில் பங்குகளாக இறங்கியது. ஈனியின் வேலைத்திறன் கூடியதால் வந்த வெற்றி இல்லை இது. புரோப்பீன், பியூட்டீன் வரைதான் செல்லும், அதற்கு மேல் நீளமான ஆல்கீன்கள் தண்ணீரில் கரையாமல் வினை மந்தமாகிவிடும்.

இன்னொரு பக்கம் மெட்டோலாகுளோர் என்ற களைக்கொல்லி. இரிடியமும் ஃபெரோசீன் எலும்பில் கட்டிய ஒரு இரட்டை பாஸ்ஃபீனும். தேடல் 1982-ல் தொடங்கி, ஆலை ஓடியது 1996-ல். அயோடைடும் அமிலமும் சேர்த்தால் வேகம் ஏறுகிறது என்பதை எவரும் முன்கூட்டிக் கணிக்கவில்லை, சேர்த்துப் பார்த்தபோது தெரிந்தது. ஒரு இரிடியம் அணு பத்து லட்சம் மூலக்கூறுகளுக்கு மேல் மாற்றித் தருகிறது. ஒளிசுழற்றுத் தேர்வு, அதாவது கண்ணாடிப் பிம்பம் போன்ற இரண்டு வடிவங்களில் வேண்டியதைத் தருகிற திறன், 80 சதவீதம்தான், இன்று ஒரு ஆய்வு இதழுக்கு அனுப்பினால் நடுவர் முகம் சுளிப்பார். களைக்கொல்லிக்கு அது போதும். போதும் என்பது எங்கே என்று தெரிந்து வைத்திருப்பதும் வடிவமைப்பில் சேர்ந்ததுதான் என்பது என் கட்சி.

இப்போது உங்கள் நண்டு ஓட்டுக்கு வருகிறேன். கைட்டோசானில் அமீன் நைட்ரஜன் இருக்கிறது, அது பல்லேடியத்தைப் பிடிக்கும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் மேலே சொன்ன அர்த்தத்தில் அது ஈனி என்பதைவிடத் திண்ணை. கூம்புக் கோணம் கிடையாது, கடிகோணம் கிடையாது, ஒவ்வொரு பல்லேடியத்தையும் எத்தனை நைட்ரஜன் பிடிக்கிறது என்பது இடத்துக்கு இடம் மாறும். ஓட்டில் கால்சியம் கார்பனேட், புரதம், கைட்டின் மூன்றும் இருக்கின்றன. அமிலத்தில் கழுவி, காரத்தில் கழுவி, பிறகு கடுங்காரத்தில் கொதிக்கவைத்துக் கைட்டினின் அசிட்டைல் குழுக்களை உரித்துக் கைட்டோசானாக்குகிறீர்கள். எவ்வளவு உரிந்தது என்பது ஒவ்வொரு தடவையும் வேறு. அதனால் 'வடிவமைத்தேன்' என்று தலைப்பு வைக்காதீர்கள். 'தாங்கி' என்று வையுங்கள், வாய்மொழித் தேர்வில் தப்பிப்பீர்கள்.

அதைவிட முக்கியமான ஆபத்து ஒன்று உண்டு. அரைல் ஹாலைடு (பென்சீன் வளையத்தில் குளோரின், அயோடின் போன்றவை ஒட்டிய சேர்மம்) வினைகளில் பல்லேடியம் தாங்கியை விட்டுக் கரைசலுக்குள் இறங்கி, அங்கே வேலையை முடித்துவிட்டு, கடைசியில் திரும்பி வந்து ஒட்டிக்கொள்ளும் வழக்கம் உண்டு. வடிகட்டிப் பார்த்தால் கரைசல் சுத்தமாக இருக்கும், உங்கள் திடப்பொருள்தான் எல்லாம் செய்தது என்று தோன்றும். அயோடோபென்சீனுக்கு மில்லியனில் சில பங்கு பல்லேடியம், எந்த ஈனியும் இல்லாமலே, போதும். இரும்புக் குளோரைடே இணைப்பு வினைகளை நடத்துகிறது என்று வந்த சில முடிவுகளுக்குப் பின்னால், அதில் கலந்திருந்த துளித் தாமிரம் இருந்ததை 2009-ல் புக்வால்ட், போல்ம் என்ற இரண்டு வேதியியலாளர்கள் காட்டினார்கள். அனுபவசாலிகளே ஏமாறுகிற இடம் இது.

தொழிற்சாலை வாங்குமா என்றால், மருந்து ஆலை முதலில் கேட்பது விளைச்சலை அல்ல. வாய்வழி மருந்தில் ஒரு நாளைக்கு 100 மைக்ரோகிராம் பல்லேடியத்துக்கு மேல் உள்ளே போகக்கூடாது என்பது சர்வதேச வழிகாட்டு வரம்பு. தாங்கியிலிருந்து எவ்வளவு கசிகிறது, பத்தாவது தொகுதியில் எவ்வளவு கசிகிறது என்று கேட்பார்கள். இன்றைய நிலையில் உங்கள் பொருள் அந்தக் கேள்வியைத் தாண்டும் என்று நான் பந்தயம் கட்டமாட்டேன். அதே கைட்டோசானை வினைக்குப் பிறகு கரைசலில் மிச்சமிருக்கிற பல்லேடியத்தைப் பிடித்தெடுக்கும் வடிகட்டியாகப் போடுங்கள் என்றால் உட்கார்ந்து கேட்பார்கள். ஆலையில் அந்த வேலைக்கு இன்றும் பணம் கொட்டுகிறது. என் அபிப்பிராயம் இது. உங்கள் வழிகாட்டி வேறு சொன்னால் அவரோடு சண்டை போட வேண்டாம்.

ப்ராஜெக்டை மாற்ற நேரமில்லை என்றால் குறைந்தது இவற்றைச் செய்யுங்கள். பல்லேடியம் இல்லாத வெறும் கைட்டோசானோடு ஒரு சோதனை, கைட்டோசான் இல்லாமல் மிகச் சிறிய அளவு பல்லேடியம் அசிட்டேட்டோடு ஒரு சோதனை. வினை பாதி ஓடும்போது சூட்டோடு வடிகட்டி, வடிந்த கரைசல் தொடர்ந்து வினைபுரிகிறதா என்று பாருங்கள். ஆறவிட்டு வடிகட்டினால் பல்லேடியம் வீடு திரும்பியிருக்கும். ஐந்து முறை மறுபயன்பாடு செய்து ஒவ்வொரு முறையும் 99 சதவீதம் என்று பட்டைப் படம் போடுவார்கள், அதைப் பின்பற்றாதீர்கள். பத்து மணி நேரம் ஓட்டினால் பாதி செத்த வினையூக்கியும் 99 காட்டும். 30, 40 சதவீதத்தில் நிறுத்தி வேகத்தை ஒப்பிட்டால்தான் சாவு தெரியும். கரைசலில் உள்ள பல்லேடியத்தை, துளி உலோகத்தையும் அளக்கும் கருவியான ஐ.சி.பி.யில் அளக்க வேண்டும். உங்கள் துறையில் இல்லையென்றால் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்குத் துறைத் தலைவர் மூலம் எழுதிக் கேளுங்கள். மேலே படிக்கும் எண்ணம் இருந்தால், மண்டபத்தில் பாசி ஆராய்ச்சி நிலையம் வைத்திருக்கிற மத்திய உப்பு நிறுவனத்துக்குப் பாவ்நகரில் வினையூக்கப் பிரிவும் உண்டு, அங்கேயும் பாருங்கள். அயோடோபென்சீனோடு நிற்காமல் குளோரோபென்சீனையும் ஒரு தடவை போடுங்கள். பெரும்பாலும் நகராது, நகரவில்லை என்றே எழுதுங்கள்.

ஓடு சேகரிக்கும்போது மாதத்தையும், ஆணா பெண்ணா என்பதையும் மூட்டையில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். ஓடு கழற்றிய நண்டின் புது ஓட்டில் கால்சியம் குறைவு, அமிலக் கழுவலில் உங்கள் கணக்கு மாறும். உங்கள் அப்பாவுக்கு அந்த நண்டைத் தொட்டவுடன் தெரியும். அவர் பிரித்துக் கொடுத்தால் நீங்கள் எக்ஸ்-ரே எடுக்க வேண்டியதில்லை.